பாரம் இறங்கும் வழி: பரம்பிக்குளத்துக் காட்டு இரயில்

மலை இரயில் என்றதும் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது, மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, மலையடிவாரத்திலிருந்து பல்சக்கரத்தின் பிடியை விடாமல், பெட்டிகளைப் பின்னின்று தள்ளிக்கொண்டு, பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் சரிவில் குன்னூர் நோக்கி மூச்சு வாங்க ஏறுகிற நீலகிரி வண்டிதான். அது பிரயாணிகளுக்காகப் போட்ட பாதை. மேலே போய்ச் சேருவதே அதன் பிரதான நோக்கம். ஆகவே அதைப் பற்றி எழுதியவர்களெல்லாம் ஏற்றத்தின் சிரமத்தையே பெரிதாக வர்ணித்திருப்பதில் வியப்பில்லை. காட்டுக்குள் மரம் எடுப்பதற்காகவே போட்ட இரயிலோ இதற்கு முற்றிலும் மாறான பிறவி. அது ஏறும்போது வெறும் வண்டியாக ஏறும்; இறங்கும்போதுதான் முழுப் பாரத்தையும் சுமந்து இறங்கும். இழுப்பதற்கென்று பிறந்த நீராவி எஞ்சின் அங்கே தன் ஆயுளில் பாதியை இழுப்பதில் அன்றிப் பிடித்து நிறுத்துவதிலேயே செலவிட்டது. காட்டு இரயில்களின் சரித்திரத்தில் காணும் யுக்திகள் பெரும்பாலானவை, மலைமேலிருந்து இறங்குகிற பாரத்தை எவ்விதம் அடக்கி ஆள்வது என்ற ஒரே கேள்விக்கு மனிதன் வெவ்வேறு தேசங்களில் கண்ட விடைகள் என்பது என் அபிப்பிராயம். அந்த விடைகளில் மிக அழகானவற்றுள் ஒன்று நம் கண்ணெதிரே, பொள்ளாச்சிக்கு அப்பால், பரம்பிக்குளத்துக் காட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கிவிட்டு மறைந்துபோனது. அதைப் பற்றித்தான் இன்று சற்று விரிவாக எழுத எண்ணுகிறேன்.

நான் குடியிருக்கும் அணைக்கட்டில் இரயில் கிடையாது. வண்டி ஏற வேண்டுமானால் காட்பாடிக்கோ குடியாத்தத்துக்கோ ஆம்பூருக்கோதான் போக வேண்டும். ஆனால் எங்கள் ஊருக்குத் தெற்கே ஜவ்வாது மலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. அதன்மேல் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. சாமையும் புளியும் தேனும் கடுக்காயும் அங்கிருந்து கீழே இறங்கி வருவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இந்தக் கடுக்காய்க்கும் ஆவாரம்பட்டைக்கும் எங்கள் பக்கத்தில் ஒரு தனி மதிப்பு உண்டு; ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுத் தோல் ஷாப்புகளில் இரசாயனப் பதனீடு பரவுவதற்கு முன்பு, பச்சைத் தோலைப் பதப்படுத்தியவை இவைதாம். காட்டுப் பொருள் ஒன்று மலையிலிருந்து இறங்கி, இரயிலடிக்குப் போய், சரக்காகிச் சீமைக்குக் கப்பலேறுகிற அந்த நீண்ட சங்கிலியின் ஒரு கண்ணியிலே வாழ்கிறவர்களுக்கு, மலையும் இரயிலும் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருந்தன என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சார்பு 1856-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. தென்னிந்தியாவின் முதல் பிரயாணி இரயில் இராயபுரத்திலிருந்து எங்கள் பக்கத்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை முதல் தேதி ஓடிற்று. அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு வனப் பாதுகாப்பு இலாகாவை ஏற்படுத்தி, ஹியூ கிளெக்ஹார்ன் என்ற வைத்தியரை அதற்குத் தலைவராக நியமித்தார்கள். இரண்டும் ஒரே ஆண்டில் நேர்ந்தது ஓரளவு தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரயில் வந்ததும் காடுகளுக்கு என்ன நேரும் என்ற கவலை அந்த வைத்தியருக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. தண்டவாளத்தின் கீழே கஜத்துக்கு ஒரு ஸ்லீப்பர் கட்டை என்று வைத்துக்கொண்டாலும், மைலுக்கு 1760 கட்டைகள் வேண்டும். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஏறக்குறைய 65 மைல் என்றால், ஒற்றைத் தடத்துக்கே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கட்டைகள் ஆகின்றன. நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் கறையானிலும் சாதாரண மரக்கட்டை சில ஆண்டுகளுக்கு மேல் தாங்குவதில்லையாதலால், ஒருமுறை போட்டதோடு அந்தச் செலவு முடிவதுமில்லை.

கட்டைகளாவது கிடந்த இடத்திலே கிடந்து உளுத்துப் போயின. எஞ்சினோ நாள்தோறும் காட்டைத் தின்றது. கரி என்றால் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும், அல்லது வங்காளத்திலிருந்து வர வேண்டும் என்றிருந்த அந்தக் காலத்தில், சிங்கரேணியில் சுரங்கம் வெட்டிக் கரி எடுக்கத் தொடங்கும் வரையில், சென்னை இரயில்வேயின் எஞ்சின்கள் பெரும்பாலும் விறகையே எரித்து ஓடின. இன்று கடற்கரை ஓரமெங்கும் நாம் காண்கிற சவுக்குத் தோப்புகளை அக்காலத்தில் ஊக்குவித்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இந்த எஞ்சின் விறகுதான் என்பது பலருக்குத் தெரியாது. பஞ்சாபிலே லாகூருக்குத் தெற்கே சாங்கா மாங்கா என்ற இடத்தில், எஞ்சின்களுக்கு விறகு வேண்டும் என்பதற்காகவே 1866-இல் ஒரு காட்டையே கையால் நட்டு, கால்வாய் நீர் பாய்ச்சி வளர்த்தார்கள். பிறகு அந்தக் காட்டு மரத்தை வெளியே கொண்டுவர இரண்டடி அகலத்தில் ஒரு குட்டி இரயிலைப் போட்டு, அதற்கும் நீராவி எஞ்சின் வைத்தார்கள். எஞ்சினுக்காகக் காடு, காட்டுக்காக இன்னோர் எஞ்சின் என்று அந்தச் சக்கரம் சுழன்றது. நீராவி எஞ்சின் மரம் வெட்டக் காட்டுக்குள் நுழைவதற்கு வெகு காலம் முன்பே காட்டிலிருந்துதான் தன் உயிரைப் பெற்றுக்கொண்டிருந்தது என்பதை இந்த விஷயத்தில் இறங்குகிறவர்கள் முதலில் நினைவில் வைக்க வேண்டும்.

காட்டுக்குள் எஞ்சினைக் கொண்டுபோகும் கலையைப் பெரிய தொழிலாக வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே மிச்சிகன் மாகாணத்தில் எஃப்ராயிம் ஷே என்ற மர வியாபாரி, பனிக்காலத்தில் சறுக்குவண்டியில் மட்டுமே மரத்தை இழுக்க முடிகிறது, பனி குறைந்தால் தொழில் படுத்துவிடுகிறது என்ற சங்கடத்திலிருந்து விடுபட வழி தேடினார். அவர் அமைத்த எஞ்சினுக்கு 1881-இல் காப்புரிமை கிடைத்தது. சாதாரண எஞ்சினில் பிஸ்டனின் தண்டு நேராகப் பெரிய சக்கரங்களைச் சுழற்றும். அந்தச் சக்கரங்களின்மேல் விழும் எடை எவ்வளவோ அவ்வளவுதான் தண்டவாளத்தின்மேல் அதற்குப் பிடி. செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றும். இறக்கத்திலோ பிரேக் பிடித்த சக்கரம் சறுக்கிக்கொண்டே போகும். ஷே செய்த காரியம் என்னவென்றால், நீராவி உருளைகளை எஞ்சினின் வலப்பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தி, அந்தப் பக்கத்துப் பாரத்தை ஈடுகட்டப் பாய்லரைச் சற்றே இடப்பக்கம் ஒதுக்கி, எஞ்சின் நெடுகிலும் ஓடுகிற ஒரு நீண்ட தண்டை அந்த உருளைகளால் சுழலச் செய்து, அத்தண்டிலிருந்து பல்சக்கரங்கள் வழியாக எஞ்சினின் எல்லாச் சக்கரங்களுக்கும், விறகும் தண்ணீரும் சுமக்கிற பின்வண்டியின் சக்கரங்களுக்கும்கூட, சக்தியைப் பங்கிட்டார். எடை முழுவதும் பிடியாக மாறிற்று. மணிக்குப் பன்னிரண்டு, பதினைந்து மைல் வேகத்துக்கு மேல் அது போகாது. ஆனால் கோணல்மாணலான தண்டவாளத்தில், மேடும் பள்ளமும் நெளிவுமாக அவசரத்தில் போட்ட பாதையில், தடம் புரளாமல் ஏறும், கட்டுக்கு மீறாமல் இறங்கும். ஒஹையோ மாகாணத்து லைமா தொழிற்சாலை 1945 வரையில் இத்தகைய எஞ்சின்கள் இரண்டாயிரத்து எழுநூறுக்கு மேல் செய்து விற்றது. கிளைமாக்ஸ், ஹைஸ்லர் என்ற வேறிரண்டு ஜாதிகளும் இதே தத்துவத்தைத் தழுவிப் பிறந்தன.

கீழ்த்திசையில் இந்த ஷே எஞ்சினுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது தைவான் தீவின் அலிஷான் மலைக் காடு. ஜப்பானியர் அங்கே ஆண்டபோது, மலை உச்சியிலிருந்த பழமையான சைப்ரஸ் மரங்களை இறக்குவதற்காக இரண்டரை அடி அகலப் பாதை ஒன்றைப் போட்டார்கள். சமவெளியிலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறும் அப்பாதை ஒரு மலையைத் திருகாணிபோல் பலமுறை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. இதே இரண்டரை அடி அகலத்தில் எங்கள் வட்டாரத்திலும் ஓர் இரயில் ஓடிற்று. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஞ்சகாலத்து உதவியை உத்தேசித்து 1905-இல் திறந்து, 1936-இல் மூடிவிட்ட அந்தச் சிறு இரயிலின் சுவடுகூட இன்று எளிதில் கண்ணில் படுவதில்லை. அலிஷான் பாதையிலோ பழைய ஷே எஞ்சின்களில் சிலவற்றை இன்னமும் போற்றிப் பாதுகாத்து, விசேஷ நாட்களில் நீராவி விட்டு ஓட்டிக் காட்டுகிறார்கள்.

இப்போது பரம்பிக்குளத்துக்கு வருகிறேன். ஆனைமலைத் தொடரின் மேற்குச் சரிவில், கொச்சி சமஸ்தானத்துக்குச் சொந்தமாக, தேக்கும் ஈட்டியும் அடர்ந்த மகா வனம் ஒன்று இருந்தது. கொச்சியில் துறைமுகம் இருந்தது. உலகெங்கும் தேக்குக்குக் கிராக்கி இருந்தது. இல்லாதது ஒன்றே, காட்டிலிருந்து துறைமுகத்துக்கு வழி. பரம்பிக்குளத்துத் தண்ணீரெல்லாம் சாலக்குடி ஆறாக மேற்கே போய்க் கடலில் விழுகிறதே, மரத்தை அந்த ஆற்றிலேயே மிதக்க விடலாமே என்று தோன்றும். அதற்கு இரண்டு தடைகள். முதலாவது, அந்த ஆறு அதிரப்பள்ளியில் சுமார் எண்பது அடி உயரத்திலிருந்து பாறைமேல் விழுகிறது. அந்த வழியே அனுப்பும் மரம் விலை போகும் நிலையில் கரை சேருவது துர்லபம். இரண்டாவது, பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதப்பதில்லை. ஆகவேதான் தேக்கை வெட்டுவதற்கு முன்பு அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதற்கடுத்த வெள்ளை மரத்தையும் வளையமாகச் செதுக்கிவிட்டு, நின்ற நிலையிலேயே ஓரிரண்டு ஆண்டுகள் உலரவிடுவது வழக்கமாயிற்று. இலையெல்லாம் உதிர்ந்து, உயிர் நீங்கி, ஆனாலும் விழாமல் நிற்கிற அந்த மரத்தைப் பிறகு கோடரியால் சாய்ப்பார்கள். ஈட்டி மரமோ எத்தனை உலர்ந்தாலும் மூழ்கத்தான் செய்யும். நூறு கன அடி கொண்ட ஒரு தேக்குக் கட்டை உலர்ந்த பிறகும் ஏறக்குறைய இரண்டு டன் இருக்கும். அப்படிப்பட்டவற்றை ஐம்பது மைல் தொலைவுக்கு, காடும் பள்ளத்தாக்கும் கடந்து கொண்டுபோக மாட்டுவண்டிக்குச் சக்தி ஏது?

கொச்சியை அப்போது ஆண்டவர் 1895-இல் பட்டத்துக்கு வந்த இராமவர்மா மகாராஜா. ஷொறணூரிலிருந்து எறணாகுளத்துக்கு 1902-இல் இரயில் வந்தது இவர் காலத்தில்தான்; அதற்குப் பணம் திரட்டத் திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றார் என்ற செய்தியை அந்நாட்டார் இன்றும் பெருமிதத்தோடு சொல்வார்கள். அந்த இரயில் பாதையில் சாலக்குடி ஒரு நிலையம். அங்கிருந்து காட்டுக்குள் ஒரு பாதை போட்டுவிட்டால் தேக்கு நேராக இரயிலடிக்கே வந்துவிடும் என்ற யோசனையை முன்னின்று நடத்தியவர்களில் சமஸ்தானத்து வனப் பாதுகாவலர் ஆல்வார் செட்டி முக்கியமானவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வேலை நடந்து, 1907-இல் 'கொச்சி சமஸ்தான வன டிராம்வே' என்ற பெயரோடு அது இயங்கத் தொடங்கிற்று. மீட்டர் அகலப் பாதை. நீளம் நாற்பத்தொன்பதரை மைல், அதாவது ஏறக்குறைய 80 கிலோமீட்டர். எஞ்சின்கள் ஜெர்மனியில் பெர்லின் நகரத்து ஒரென்ஸ்டைன் கொப்பல் கம்பெனியின் தயாரிப்பு. தோட்டம், சுரங்கம், காடு ஆகியவற்றுக்கான சிறு இரயில்களைச் செய்வதில் அந்தக் கம்பெனி அக்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்றிருந்தது.

இந்த எஞ்சின்கள் ஷே எஞ்சினைப் போலப் பல்சக்கரம் பூட்டியவை அல்ல, சாதாரண வகைதான். அப்படியானால் அவை மலையை எப்படி ஏறி இறங்கின என்ற கேள்விக்கு வருகிறோம். அவை அந்தச் செங்குத்தான இடங்களில் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அங்கேதான் இந்தப் பாதையின் சாமர்த்தியம் இருக்கிறது. சாலக்குடியிலிருந்து வெள்ளிக்குளங்கரை வழியாக மலையடிவாரத்து ஆனைப்பாந்தம் வரையில் எஞ்சின் இழுத்துப் போகும். அதற்குமேல் எஞ்சினால் ஆகாத சரிவுகள் வரும் இடங்களில், மலையின் முகத்திலே நேராகத் தண்டவாளத்தைச் சாய்த்துப் போட்டு, உச்சியிலே பிரேக் வைத்த பெரிய உருளை ஒன்றை நிறுத்தி, அதில் எஃகு வடத்தைச் சுற்றினார்கள். வடத்தின் ஒரு முனையில் மேலே மரம் ஏற்றிய வண்டி. மறுமுனையில் கீழே வெற்று வண்டி. ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டிய கிணற்றிலே ஒன்று இறங்க மற்றொன்று ஏறுவதுபோல, பாரவண்டி தன் எடையாலேயே கீழே இறங்கி, இறங்கும் அந்த வேகத்தாலேயே வெற்று வண்டியை மேலே இழுத்துவிடும். நிலக்கரி வேண்டியதில்லை, விறகு வேண்டியதில்லை, நீராவி வேண்டியதில்லை; காட்டின் கனமே காட்டை இறக்கிற்று. உச்சியில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதனின் கை மட்டும் தளரக் கூடாது.

இந்த இடத்தில் என் பெரியப்பா சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வருகிறது. அவர் ஜோலார்பேட்டை லோகோ ஷெட்டில் பயர்மேனாக இருந்து, பெங்களூர் வழியில் பச்சூர், மல்லானூர் ஏற்றத்தில் கரி அள்ளிப் போட்டே முதுகு வளைந்தவர். கை இரண்டிலும் முழங்கை வரைக்கும் சிறுசிறு வெள்ளைத் தழும்புகள். அடுப்பு வாயிலிருந்து தெறித்த பொறிகள் வைத்த அடையாளம். ஏற்றம்தானே கஷ்டம் பெரியப்பா என்று கேட்டதற்கு, வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "ஏத்தத்துல வண்டி நின்னுட்டா அவமானத்தோட போயிடும், கண்ணு. எறக்கத்துல நிக்காட்டி உசுரோட போயிடும்" என்றார். பரம்பிக்குளத்துச் சரிவின் உச்சியில் பிரேக் அருகே நின்றவர்களின் நிலையை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. பெரிய எஞ்சினீயர்களின் பெயர்களும் திவான்களின் பெயர்களும் ஏடுகளில் இருக்கின்றன. வடம் அறுந்தால் என்ன ஆகும் என்பதை நாள்தோறும் அறிந்துகொண்டே அங்கே நின்ற அந்தத் தொழிலாளிகளின் கையில்தான் அந்தக் காட்டின் வருமானம் ஐம்பத்தாறு ஆண்டுகள் இருந்தது. அவர்களை நினைக்காமல் இந்த விருத்தாந்தத்தைச் சொல்வது நியாயமாகாது என்று நான் கருதுகிறேன்.

எஞ்சினுக்கும் சரிவுக்கும் முன்னே இன்னொரு பகுதி உண்டு. அது யானையின் பகுதி. வெட்டின மரம் விழுந்த இடம் ஒன்று, தண்டவாளம் போகும் இடம் வேறொன்று. இடையிலே பாறையும் புதரும் ஓடையும். அந்த இடைவெளியை எந்த யந்திரமும் அக்காலத்தில் கடந்ததில்லை. கட்டையின் முனையில் துளையிட்டுக் கயிறு பூட்ட, மலையாள நாட்டு வழக்கப்படி யானை அக்கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு, தலையைச் சாய்த்து இழுத்து வரும். கட்டை பாறையிலே சிக்கினால் நின்று பார்த்து, துதிக்கையாலும் நெற்றியாலும் புரட்டிவிட்டு மறுபடி இழுக்கும். பாரம் தன்மேல் உருண்டுவிடும் என்று தோன்றினால் கயிற்றைச் சட்டென்று விட்டுவிடும். சங்கிலியில் பூட்டாமல் பல்லில் கொடுத்ததன் பயன் அதுதான். இறங்கும் பாரத்தின் ஆபத்து யானைக்கும் தெரிந்திருந்தது. அந்தக் காடுகளின் பூர்வகுடிகளான காடரும் மலசரும் முதுவரும் வழி காட்டாமல், மரம் அடையாளம் சொல்லாமல், யானையோடு யானையாகப் பழகாமல், இந்த வேலைகளில் ஒன்றும் நடந்திருக்காது.

நாளடைவில் அந்தப் பாதை காட்டுக்குள் ஒரு சிறு உலகத்தையே உண்டாக்கிற்று. உத்தியோகஸ்தர்களும் ஒப்பந்தக்காரர்களும் கூலிகளும், அபூர்வமாகச் சில விருந்தாளிகளும், அதிலே போய்வந்தார்கள். பறவை ஆராய்ச்சியில் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற சாலிம் அலி, 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது, பாதையோரத்துக் குரியார்குட்டியில் முகாமிட்டிருந்தார். மரத்துக்காகப் போட்ட பாதையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒருவர் மரத்தின்மேல் இருந்த பறவையைப் பார்த்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அவர் பெயரால் ஒரு பறவை விளக்க மையம் இன்றும் அங்கே இருக்கிறது.

பாதை ஏன் நின்றது என்பதற்குப் பல காரணங்கள் சேர்ந்தன. அவற்றை நீட்ட விரும்பவில்லை. பாதையின் அருகிலிருந்த நல்ல மரமெல்லாம் வெட்டித் தீர்ந்தது. மரத்துக்காக மேலும் மேலும் உள்ளே போக வேண்டியிருந்தது. பழைய எஞ்சின்களையும் பாலங்களையும் பராமரிக்கும் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. கீழே எறணாகுளம் பாதையை 1930-களில் அகலப் பாதையாக மாற்றியதும், சாலக்குடியில் மீட்டர் பாதைக்குத் துணையற்றுப்போயிற்று. பிறகு லாரி வந்தது. லாரிக்குத் தண்டவாளமும் வேண்டாம், வடமும் வேண்டாம். மண்ணில் ஒரு வழி செதுக்கிவிட்டால் போதும். சமஸ்தானங்கள் கலைந்து, கேரள மாநிலம் உருவாகி, 1963-இல் அந்த டிராம்வேயை அதிகாரபூர்வமாக மூடிவிட்டார்கள். அதே காலத்தில்தான் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் அணைகள் அக்காட்டில் எழுந்துகொண்டிருந்தன. மரம் மேற்கே இறங்கிய காட்டிலிருந்து தண்ணீரைக் கிழக்கே, பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்குத் திருப்பினார்கள்.

மலபாரில் நிலம்பூர்த் தேக்குக்காக 1927-இல் ஷொறணூரிலிருந்து போட்ட பாதைக்கு வேறு விதி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு ஜனங்களின் வேண்டுகோளால் மறுபடியும் போட்டார்கள். இன்றும் அதில் பிரயாணி வண்டி தேக்குத் தோப்புகளின் ஊடே ஓடுகிறது. பரம்பிக்குளத்துப் பாதைக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. மலைச்சரிவின் முகத்தில் வடம் கட்டி இறக்கிய வழியில் யார் பிரயாணம் செய்வார்கள் என்று கேட்டால் பதில் சொல்வது கடினந்தான். ஆயினும் ஒரே ஒரு சரிவையாவது, உருளையும் பிரேக்கும் வடமுமாக, பார்ப்பவர்களுக்குப் புரியும்படி நிறுத்தி வைத்திருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் புவியீர்ப்பு விசையைக் கற்பிக்க அதைவிட நல்ல ஆய்வுக்கூடம் உண்டா? தைவான்காரர்கள் தங்கள் ஷே எஞ்சினைக் காப்பாற்றியிருக்கும்போது, எஞ்சினே இல்லாமல் மலையை இறக்கிய நம்முடைய இந்த யுக்தியை நாம் பழைய இரும்பாக விட்டுவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

ஆனைமலையின் இந்தப் பக்கம், அதாவது தமிழ்நாட்டு டாப்ஸ்லிப்பில், மரத்தை மலைமுகட்டிலிருந்து சறுக்கிவிட்டே கீழே இறக்கினார்கள். வெட்டியே தீர்ந்துகொண்டிருந்த அந்தக் காட்டில் மறுபடி தேக்கை வளர்ப்பதற்குத் தன் வாழ்நாளைச் செலவிட்ட வன அதிகாரி ஹியூகோ வுட், 1933-இல் மறைந்து, அந்தத் தேக்குகளின் நடுவிலேயே அடக்கமாகியிருக்கிறார். நடந்து போகும்போதெல்லாம் கைத்தடியால் மண்ணைக் குத்தி ஒரு தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே போவாராம். அந்தப் பக்கத்து ஜனங்கள் அவரைப் பற்றி இப்படித்தான் சொல்கிறார்கள்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து போக விரும்பும் அன்பர்களுக்கு வழியையும் சொல்லிவிடுகிறேன். பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும், சாலை வழியாக அதற்குள் போவது தமிழ்நாட்டின் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியேதான். காட்பாடியில் இரயிலேறிக் கோயமுத்தூர் போய், அங்கிருந்து பொள்ளாச்சிக்குப் பஸ் பிடிக்கலாம். உள்ளே போனதும் தூணக்கடவில் கன்னிமரத் தேக்கைக் காட்டுவார்கள்: சுற்றளவு ஏறக்குறைய ஏழு மீட்டர், உயரம் நாற்பது மீட்டருக்கு மேல், வயது நானூறுக்கு மேல் என்பது மதிப்பு. வெட்டப் போனபோது இரத்தம் கசிந்தது, அதனால் விட்டுவிட்டார்கள் என்பது அங்கே வழங்கும் ஐதிகம்; ஏரிக்கரைதோறும் ஏழு கன்னிமாரைக் கல்லாக நட்டுக் கும்பிடுகிற எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது. டிராம்வே ஓடிய காலமெல்லாம் அம்மரம் அங்கேயே நின்றது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், வன இலாகாவாரிடம் அனுமதி கேட்டு, வழிகாட்டி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, குரியார்குட்டிப் பக்கம் பழைய டிராம்வேயின் தடத்தையும் அதன் மிச்சங்களையும் பார்த்துவர வேண்டும். மழைக்காலத்தில் அட்டை அதிகம். ஜனவரிக்கு மேல் போவது உத்தமம். வேனிலில் காட்டுத்தீக்குப் பயந்து சில சமயம் வழியை அடைத்துவிடுவார்கள், ஆகையால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.